பக்கமா, தூரமா

எங்கள் மொழியில் பக்கத்துக்கும் தூரத்துக்கும் ஒரே சொல். க்லாய். குரலை உயரத்தில் எடுத்துச் சட்டென்று கீழே இறக்கினால் பக்கம். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் சமமாக விட்டால் தூரம். தொட்டிலில் கிடக்கிறபோதே இது எல்லாருக்கும் வந்துவிடுவதால், இதில் ஒரு வம்பு இருக்கிறது என்றே இத்தனை வயதுவரை எனக்குத் தெரியாது. எந்தப் புண்ணியவான் இப்படிச் செய்து வைத்தானோ, அவன் வீட்டில் வெளிநாட்டுப் பிள்ளை யாரும் வந்து தங்கியிருக்காது.

என் பெயர் லம்டுவன். டுவன் என்றால்தான் கால்வாயில் எல்லாருக்கும் தெரியும். மெய்க்லோங் ஆற்றிலிருந்து பிரிகிற ஒரு கால்வாயில், தண்ணீருக்குள் மரக்கால் ஊன்றி நிற்கிற வீடு எங்களுடையது. நான் கானாங்கெளுத்தி மீனை அவித்து மூங்கில் கூடையில் அடுக்கிச் சந்தையில் விற்கிறேன். என் வீட்டுக்காரர் சம்ருவாய் படகு ஓட்டுகிறார். பகலில் தேங்காய் ஏற்றுவார், சாயங்காலமானால் மின்மினி பார்க்க வருகிறவர்களை ஏற்றுவார். இரண்டு பையன்கள். ஒருவன் பட்டாளத்தில் இருக்கிறான், ஒருவன் கப்பலில் இருக்கிறான். இரண்டு பேருமே போன் எடுக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பரிமாற்ற மாணவி ஒருத்தி வருகிறாள், யார் வீட்டில் தங்க வைப்பது என்று கேட்டார்கள். தலைமை ஆசிரியர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் வந்து இறங்கினாள். பின்லாந்து. பதினேழு வயது. பெயர் ஹில்லா. எங்கள் வாயில் அது ஹின்லா என்று போய், கல்லை மெல்லுவது போல் ஆகிவிட்டது. படகுத்துறையில் குடையில்லாமல் நின்ற அவளைச் சம்ருவாய் மேலும் கீழும் பார்த்தார். முடி வெளுப்பு, புருவம் வெளுப்பு, இமைகூட வெளுப்பு.

"இது என்ன, மார்கழில வர்ற பனிமூட்டம் மழையிலயே வந்துடுச்சு?" என்றார்.

பனிமூட்டத்துக்கு எங்கள் சொல் மோக். அன்றிலிருந்து அவள் மோக். கூப்பிட்டால் திரும்பினாள், அதனால் அதுவே நின்றுவிட்டது.

முதல் இரண்டு மாதம் அவள் விழித்துக்கொண்டே கனவு கண்டுகொண்டிருந்தாள் என்றுதான் சொல்வேன். நாங்கள் பேசினால் எங்கள் வாயைப் பார்ப்பாள். எல்லாம் காதில் விழும், ஒன்றும் உள்ளே போகாது. பிறகு நெடுநேரம் கழித்து, நாங்கள் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, முதலில் சொன்ன வேடிக்கைக்குச் சிரிப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துறைப் பலகையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பாள். எங்கள் கால்வாய் கடலோடு ஒட்டியது. காலையில் ஒரு பக்கம் ஓடும், மத்தியானத்துக்கு மேல் யோசித்துப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பும். அவள் ஊரில் தண்ணீர் ஒரே பக்கம்தான் ஓடுமாம், பாதி வருஷம் அதுவும் ஓடாதாம். ஒரு தென்னங்குருத்து மிதந்து போவதைப் பார்ப்பாள். அதே குருத்து சாயங்காலம் திரும்பி வந்தால் எழுந்து நின்று கைதட்டுவாள். எனக்குச் சிரிப்பாக வரும். பிறகு ஒரு நாள், மீன் கூடையைக் கழுவிக்கொண்டே நானும் ஒரு குருத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

பேச ஆரம்பித்தபோது கேட்க வேண்டுமே! சொற்களை மளமளவென்று பிடித்துவிட்டாள். ஏற்ற இறக்கம் மட்டும் அவள் குரலுக்கு வரவில்லை. அவர்கள் ஊர்ப் பேச்சு பலகையில் தண்ணீர் ஊற்றியதுபோல் சமமாகப் பரவுமாம். விடியற்காலையில் என்னோடு சந்தைக்கு வருவாள். ஒரு நாள், முதல் போணிகூட ஆகவில்லை, என்னைப் பார்த்துப் பூரித்துப் போய், "அம்மா ரொம்ப சுவாய்!" என்றாள். குரலை மேலே தூக்கினால் அது அழகு. சமமாக விட்டால் பீடை. அவள் சமமாக விட்டாள்.

பக்கத்துக் கடை மாலிக்கு அன்றைக்கு வியாபாரமே வேண்டியிருக்கவில்லை. அவள் எங்கள் எதிர்க்கரையில்தான் குடியிருக்கிறாள். அவள் வாய்க்குப் பயந்து கொக்குகூட அந்தக் கரையில் உட்காராது.

"ஏய் டுவன், காலங்காத்தால மொகத்துக்கு நேரா பீடைன்னு சொல்லிட்டாளே! இத்தன வருஷமா நாங்க மனசுக்குள்ளதானடி சொல்லிட்டு இருந்தோம்!"

"உன் கடைக்கு எதிர்ல நின்னா யாருக்குடி நேரம் நல்லா இருக்கும்?" என்றேன். மோக் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்குக் கூடை காலியாகத்தான் வீட்டுக்கு வந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. இதை ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? மீனின் கழுத்தை மடக்கிக் கூடையில் படுக்கவைக்கக் கற்றுக்கொண்டாள், மோசமாகத்தான். அவள் அடுக்கிய கூடையை நான் யாருக்கும் விற்காமல் வீட்டுக்கே கொண்டுவருவேன். மிளகாய்த் துவையலைத் தின்று அழுவாள், அழுதுகொண்டே இன்னும் கேட்பாள். அவளைப் பெற்றவளை ஐத்தி என்பாள். ஞாயிற்றுக்கிழமை போனில் ஐத்தி என்று ஆரம்பித்து அவர்கள் பாஷையில் பேசுவாள். என்னை அம்மா என்றாள். இரண்டும் கலக்கவில்லை, எனக்கு அது போதுமாக இருந்தது.

மழை ஓய்ந்த முழுநிலவன்று வாழைத்தண்டில் தெப்பம் செய்து, மெழுகுவத்தி ஏற்றித் தண்ணீரில் விட்டோம். கால்வாய் முழுக்க வெளிச்சப் புள்ளிகள் ஊர்ந்து போயின. சம்ருவாய் மோக்கைப் படகில் ஏற்றி மெல்லத் துடுப்புப் போட்டார். கரையோர மரங்களில் மின்மினிகள் ஒரே மூச்சாக எரிந்து அணைந்தன. கீழே தெப்பங்கள், மேலே மின்மினி. நடுவில் அவள் தலை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. நான் துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எது தண்ணீர், எது வானம் என்று எனக்கே சற்று நேரம் பிடிபடவில்லை. நம் கெட்ட காலமெல்லாம் தெப்பத்தோடு போய்விட வேண்டும், அதற்குத்தான் விடுவது. அவளுடையது விடிந்ததும் எங்கள் வீட்டுக்கு அடியிலேயே வந்து நின்றது.

"அம்மா! என்னோடது வீட்டுக்கு வந்துடுச்சு!" என்று குதித்தாள்.

அது நல்ல சகுனமில்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.

வருஷத்துப் பாதியில் பிள்ளைகளை வேறு வீட்டுக்கு மாற்றுவது அந்த ஏற்பாட்டின் விதி. இன்னொரு குடும்பத்தையும் பழக வேண்டுமாம். பெரும்பாலும் அதே ஊர், அதே பள்ளிக்கூடம். எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான் அதை நினைக்காமல் இருந்தேன், நினைக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

டிசம்பரில் ரச்சனி டீச்சர் படகு பிடித்து வந்தாள். அவள் நாட்டியம் சொல்லிக்கொடுப்பவள். பரிமாற்றப் பிள்ளைகளைக் கவனிக்க வேண்டிய ஆங்கில டீச்சர் பிரசவத்துக்குப் போய்விட்டதால் பொறுப்பு இவள் தலையில் விழுந்துவிட்டது. இவளுக்கு ஆங்கிலம் குட்மார்னிங்கோடு சரி. மோக்குக்கும் எங்கள் பேச்சில்தான் பேசுவேன் என்று ஒரு வீம்பு. டீச்சர் உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், சிரித்தாள்.

"மீன் வரத்து எப்படிக்கா?"

"இருக்கு."

"லிச்சி இந்த வருஷம் பூக்குமா?"

"குளிர் விழுந்தா பூக்கும். டீச்சர், லிச்சியக் கேக்கவா படகுக்காரனுக்குக் கூலி குடுத்து வந்தீங்க?"

மறுபடி சிரித்தாள். எங்கள் ஊரில் ஒருவர் மூன்றாவது தடவை சிரித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வருவது கெட்ட செய்தி.

"நீங்க மனசுல வெச்சுக்கக் கூடாது. வீடு மாத்தறதப் பத்தி மோக்கிட்ட கேட்டேன். எந்த மாதிரி வீடு வேணும்மா, தோட்டம் வேணுமா, கூட வெளையாடப் புள்ளைங்க இருக்கணுமானு. அதெல்லாம் ஒண்ணும் வேணாம்ட்டா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா."

"என்னவாம்?"

"அம்மாவுக்குத் தூரமா இருக்கணுமாம்."

அடுப்பில் கொதிக்கிற மீன் சட்டியை மூடினேன்.

"எந்த அம்மாவுக்கு?"

"அவ உங்களத்தானேக்கா அம்மாங்கறா." டீச்சர் தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டாள். "எனக்கே நம்ப முடியல. இன்னொரு தடவ கேட்டேன். தூரம், தூரம்னு அழுத்திச் சொன்னா. இதே ஊர்ல வெச்சா அவளுக்குச் சங்கடம், பாக்கறப்பல்லாம் உங்களுக்கும் சங்கடம். அதனால தலைமை ஆசிரியர் வெளி மாவட்டத்துல பேசிட்டாரு. லோய் மாவட்டம். பான் மாய்னு மலையடிவாரத்துல ஒரு ஊரு. நல்ல குடும்பம்."

எங்கள் ஊரில் மனதில் இருப்பதை நேராகச் சொல்வது, விருந்தாளி முன்னால் ஏப்பம் விடுவது மாதிரி. நானும் சிரித்தேன்.

"நல்லதுதானே டீச்சர். புள்ள நாலு எடம் பாக்க வேணாமா? இருங்க, உங்களுக்கு ரெண்டு கூடை மீன் கட்டித் தரேன்."

நல்ல மீனாகவே கட்டிக் கொடுத்தேன். டீச்சர் போனதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சம்ருவாய் வந்து பார்த்தபோது புகை என்றேன். அடுப்பு அணைந்து வெகு நேரமாகியிருந்தது.

அதற்குப் பிறகு நான் அவளிடம் மரியாதையாக நடந்துகொண்டேன். திட்டுவதை விட்டேன். சந்தைக்கு எழுப்புவதை விட்டேன். சோறு போடும்போது பெரிய துண்டை அவள் தட்டில் வைத்து, "போதுமா? இன்னும் கொஞ்சம்?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோல் கேட்டேன். அவள் ஈரத்துண்டைத் தரையில் போட்டால் நானே எடுத்து உலர்த்தினேன். ஒருத்தியைத் தள்ளி வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

"அம்மா கோவம்?" என்று கேட்டாள் ஒரு நாள்.

"இல்லையே! எனக்கென்ன கோவம்?" என்று சிரித்தேன். அவள் என் வாயைப் பார்த்தாள், முதல் மாதங்களில் பார்த்ததுபோல்.

சம்ருவாய்க்குப் பொறுக்கவில்லை. "மெய்க்லோங் மீனாட்டம் எதுக்கு இப்படிக் கழுத்த மடக்கி மூஞ்சியக் கோணலா வெச்சிருக்க? அவளையே கேளேன்."

"கேட்டா? டீச்சர்கிட்ட சொன்னத என் மூஞ்சிக்கு நேரா இன்னொரு தடவ சொல்லுவா. தேவையா எனக்கு?"

"நான் கேக்கறேன்."

"கேட்டீங்கன்னா உங்க படகுலயே படுத்துக்கோங்க."

அவர் கேட்கவில்லை. படகில் கொசு அதிகம்.

அவளுக்கோ துளி வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. டீச்சர் அவளிடமும் சொல்லிவிட்டாள்: நீ கேட்டபடியே பார்த்தாயிற்று, பான் மாய் என்று ஊர், சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. அவள் துள்ளிக்கொண்டு வந்து சைக்கிளைத் துறையில் போட்டுத் துடைத்து எண்ணெய் விட்டாள். பாட்டு வேறு. பெட்டியில் பாதித் துணிதான் வைத்தாள். நான் தைத்துக் கொடுத்த பூப்போட்ட பாவாடை, தலையணை, அவளுக்கென்று வாங்கிய நீலத் தட்டு, எல்லாவற்றையும் அலமாரியிலேயே அடுக்கி வைத்தாள்.

"இதெல்லாம் வேணாமா?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

"இங்கயே இருக்கட்டும்," என்றாள், சிரித்த முகமாக.

எங்களுடையது ஒன்றையும் எடுத்துப் போக அவளுக்கு மனமில்லை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு யோசித்தால் அவளும் என்னைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்? பெட்டிக்குக் கயிறு தேடிக் கொடுக்கிறேன், வழிக்குச் சாப்பாடு கட்டுகிறேன், சிரித்துக்கொண்டே இருக்கிறேன். இந்த அம்மாவுக்கு என்னை அனுப்புவதில் இவ்வளவு ஆனந்தமா என்றுதான் நினைத்திருப்பாள். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் விழித்துக் கிடந்தேன். அந்தப் பக்கம் அவளும் புரண்டுகொண்டிருந்தாள். பலகை கிறீச்சிடுவது கேட்டது.

சனிக்கிழமை விடிந்தபோது கால்வாயே இல்லை. நிஜமான பனிமூட்டம். துறைப் பலகையின் முனைவரைதான் உலகம், அதற்கப்பால் பால். எங்கிருந்தோ துடுப்புச் சத்தம் மட்டும் வந்தது, பிறகு ரச்சனி டீச்சரின் தலை வந்தது, கடைசியாகப் படகு வந்தது. பாலத்தருகே வேன் நிற்கிறதாம். சம்ருவாய் பெட்டியைத் தன் படகில் ஏற்றினார். நான் கட்டுச்சோற்றை நீட்டினேன். அவள் அதை வாங்காமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து படகில் ஏற்றப் பார்த்தாள்.

"சைக்கிள் எதுக்கும்மா?" என்றாள் டீச்சர். "வேன்ல எடம் இல்ல."

"வேணும். சனிக்கிழமை சனிக்கிழமை அம்மா பாக்க நான் வரணும். சைக்கிள்ல வரும்."

சம்ருவாய் வாய்விட்டுச் சிரித்தார். "லோய்லேருந்து சைக்கிள்லயா? இப்ப மிதிக்க ஆரம்பிச்சாலும் சித்திரைத் திருவிழா முடிஞ்சுதான் வந்து சேருவ, மோக்!"

"லோய் என்ன? நான் பான் மாய் போகுது." அவள் கையைத் தெற்கே நீட்டினாள். "கோயில் தாண்டி, ரெண்டு பாலம். போன வாரம் நான் போச்சு. ஐஸ் சாப்பிட்டேன்."

பான் மாய் என்றால் புது ஊர். அப்படி ஒரு பெயர் இல்லாத மாவட்டமே எங்கள் நாட்டில் கிடையாது. எங்கள் கால்வாய்க்குத் தெற்கேயும் ஒன்று இருக்கிறது, சைக்கிளில் போனால் வேர்ப்பதற்குள் வந்துவிடும். டீச்சரின் முகத்தில் இருந்த சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"மோக்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. "டீச்சர்கிட்ட நீ என்ன கேட்ட? எப்படிக் கேட்டியோ அப்படியே சொல்லு."

அவள் மூவரையும் பார்த்தாள். தப்பு எதுவோ நடந்துவிட்டது என்று தெரிந்து, சொல் ஒவ்வொன்றையும் கவனமாக எடுத்து வைத்தாள். "நான், இருக்கணும், அம்மாவுக்கு, க்லாய்."

சமமாக, சுத்தமாக, பலகைமேல் தண்ணீராக. தூரம்.

டீச்சர் நாட்டியக்காரி அல்லவா, இரண்டு கையையும் தூக்கினாள். ஒரு கையை நேராகக் காற்றில் இழுத்தாள். "இதுவா?" மற்றதை மேலிருந்து கீழே விழவிட்டாள். "இதுவா? எதும்மா? எது?"

மோக் அந்தக் கைகளையே பார்த்தாள். தன் குரல்மேல் அவளுக்கு இனி நம்பிக்கை இல்லை, அது முகத்தில் தெரிந்தது. சைக்கிளைக் கீழே போட்டாள். பலகையில் நடந்து வந்து, என்னைவிட ஒரு முழம் உயரமானவள், குனிந்து நெற்றியை என் தோளில் வைத்தாள்.

"இது," என்றாள்.

கட்டுச்சோறு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கியது.

டீச்சர்தான் முதலில் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, "ஐயோ அக்கா, விதின்னு ஒண்ணு இருக்கே! வீடு மாத்தியே ஆகணும். இந்த ஊர்ல இப்பப் போயி யாரக் கேப்பேன்?" என்றாள்.

பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. எதிர்க்கரை மாலி. ஆள் தெரியவில்லை. எவ்வளவு நேரமாக அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தாளோ!

"எங்க வீட்ட எழுதிக்கோங்க டீச்சர்! படுக்க மட்டும் வரட்டும்! திங்கறதெல்லாம் அந்தப் பீடை வீட்டுலயே திங்கட்டும்!"

மாலியை நான் அதுவரை கட்டிப்பிடித்ததில்லை. அப்போது நடுவில் கால்வாய் இருந்தது, தப்பித்தாள்.

பிறகு மிச்சமிருந்தது லோய். அங்கே ஒரு குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. டீச்சர் போனைப் போட்டாள், ஆனால் அந்தம்மாள் குரலைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், லிச்சிக்குப் போகாத குறை. ஒலிபெருக்கியில் எங்களுக்கும் கேட்டது. அந்த அம்மாள் பெயர் பிக்குன்.

"பொண்ணு கெளம்பிடுச்சா டீச்சர்? இங்க நல்ல குளிரு. கம்பளிப் போர்வ புதுசா வாங்கி வெயில்ல போட்டிருக்கேன். வீட்டுக்காரர் ஜன்னலுக்குச் சாயம் அடிச்சுட்டு இருக்காரு. புள்ள என்ன சாப்பிடும்?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் என் குரலும் இப்படித்தான் இருந்தது, தலைமை ஆசிரியர்மேல் எரிச்சல் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே புதுத் தலையணை வாங்கினேன்.

"நான் பேசும்," என்றாள் மோக். "என் தப்பு. நான் சொல்லும்." யாரும் தடுப்பதற்குள் போனை வாங்கிக்கொண்டாள். மிக மரியாதையாக, கும்பிட்டுக்கொண்டே பேசினாள். "லோய் அம்மா, மன்னிக்கணும். நான் ஹில்லா, மோக். எனக்கு இருக்கணும் அம்மாவுக்கு க்லாய்."

"தூரமாவா?" அந்தப் பக்கம் பிக்குனின் குரல் மலர்ந்துவிட்டது. "தெரியும் கண்ணு, டீச்சர் எல்லாம் சொன்னாங்க. கவலையே படாத. இங்க வந்துடு. எங்க ஊர விடத் தூரம் எங்கயும் கெடையாது!"

சம்ருவாய் தலையில் கை வைத்துக்கொண்டார். டீச்சர் கையால் காற்றில் எதையோ வரைந்தாள், போனுக்கு அது தெரியவா போகிறது? மோக் இன்னும் அழுத்தமாக, இன்னும் சமமாக, "க்லாய், க்லாய்," என்றாள். "ஆமா கண்ணு, ஆமா," என்றாள் பிக்குன்.

நான் போனைப் பிடுங்கினேன்.

என் கல்யாணத்தில்கூட யாரும் என் சம்மதத்தை என் வாயால் கேட்டதில்லை, நானும் தலையை ஆட்டியதோடு சரி. இது வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டேன், எடுத்ததை விட்டுக் கொடுத்தேன், இரண்டுக்கும் சிரித்தேன். பட்டாளத்துக்குப் போனவனைக்கூட இரு என்று சொல்லவில்லை. அதெல்லாம் சேர்ந்து அன்றைக்குத் தொண்டைக்கு வந்துவிட்டது போலிருக்கிறது.

"பக்கம்!" என்று கத்தினேன். குரல் உச்சிக்குப் போய் அங்கிருந்து தொப்பென்று விழுந்தது, தப்பாகக் கேட்க வழியே இல்லாமல். "பக்கம்! பக்கம்! பொண்ணு சொல்றது பக்கம்! அம்மாவுக்குப் பக்கமா இருக்கணும்ங்கறா! நான்தான் அந்த அம்மா! எனக்கும் அவ பக்கத்துல இருக்கணும்! நான் அனுப்ப மாட்டேன்! எனக்கு அவ வேணும்!"

எதிர்க்கரையில் ஜன்னல்கள் திறக்கிற சத்தம் கேட்டது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. பனிக்குள் போய்க்கொண்டிருந்த யாரோ ஒரு படகுக்காரன் துடுப்பை நிறுத்திவிட்டான்.

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"கத்தாதீங்கக்கா," என்றாள் பிக்குன் மெதுவாக. "இங்க வரைக்கும் நல்லாக் கேக்குது." "போர்வ வாங்கிட்டேன். அது ஒண்ணும் கெட்டுப்போகாது. பள்ளிக்கூடம் லீவு விட்டா ரெண்டு பேருமா வாங்க. ஜன்னலையாவது வந்து பாருங்க."

"வரோம்," என்றேன். "மீன் கொண்டு வரோம்."

மோக் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. என் வாயைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்ருவாய் படகில் ஒரு காலும் துறையில் ஒரு காலுமாக நின்றிருந்தார். "இப்ப பெட்டிய எறக்கறதா, வேணாமா?" என்று கேட்டார்.

"எறக்குங்க!" என்றேன். நான் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தேன்.